பெத்தின் பிறந்தநாள் பருப்பு

"கன்னுக்குட்டியத் தாய்கிட்டேருந்து எத்தனாவது நாள் பிரிப்பப்பா?" என்று பெத் கேட்டாள்.

"தெரியாத மாதிரி கேக்குற. மறுநாள்."

"தாய் எத்தன நாள் கத்தும்?"

"ரெண்டு நாள். சிலது மூணு."

"எண்ணுவியா நீ?"

"எதுக்கு எண்ணணும்? ஜன்னலத் தொறந்தா கேக்குது."

பேசிக்கொண்டே அவள் அடுத்த மாட்டின் மடியைத் துடைத்து, கறவைக் குழாய்கள் நான்கையும் ஒவ்வொன்றாக மாட்டினாள். கை ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. கடைசி மாடு வெளியே போனதும் ரப்பர் மேலங்கியைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டாள்.

"நான் ஒண்ணு சொல்றேன்பா. உன்ன மாட்ட விடுன்னு நான் சொல்ல மாட்டேன். அது உன் பொழப்பு. நீயும் என்ன மறுபடி இந்தத் தொழுவத்துக்குள்ள வான்னு கூப்பிடக் கூடாது. எப்பவும்."

"சரி" என்றார் கிளைவ்.

அவ்வளவுதான் பேச்சு. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. ஒரு மாதம் போனால் சரியாகிவிடும் என்றுதான் கிளைவ் நினைத்தார். ஏழு வருஷம் ஆயிற்று. பாலையோ கறியையோ அவள் வாயில் வைக்கவில்லை, தொழுவத்தில் காலும் வைக்கவில்லை. இடையில் ஒரு தடவை ஆணி துருப்பிடித்து உதிர்ந்தது. வேறு ஆணி அடித்து அதே மேலங்கியை அதே இடத்தில் மாட்டிவைத்தார்.

இப்போது இங்கிலாந்தில் தன் மேட்டுப் பண்ணையிலிருந்து லீக் என்னும் ஊருக்கு இறங்கும் வழியில் கார் ஓட்டிக்கொண்டு அந்தப் பேச்சைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை. கல்சுவர்களின் அடியில் பழைய பனி அழுக்காகக் கிடந்தது. காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தது. பெத்தின் இருபத்தாறாவது பிறந்தநாளுக்காகச் சாயங்காலக் கறவையை மூன்று மணிக்கே முடித்துவிட்டு, கைகளை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார்.

"இன்னிக்குச் சொல்ல வேணாம்" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி மாரீன். ஜலதோஷத்தில் அவள் குரல் மூக்கடைத்து வந்தது.

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"உன் முகம் சொல்லுது. அவ சாப்பிடட்டும், மெழுகுவத்திய ஊதட்டும். நாளைக்கு நான் போன்ல சொல்லிக்கிறேன்."

"போன்ல கேக்குற விஷயமா அது?"

"சொல்றது வேற, கேக்குறது வேற. கேக்கவே கூடாதுன்றேன் நான். அந்தப் புள்ளகிட்டப் போய் அதக் கேக்க உனக்கு எப்படித்தான் மனசு வருதோ."

கிளைவ் கியரை மாற்றினார். மனசு வரவில்லை என்பதுதான் அவருடைய கஷ்டமும்.

செவ்வாய்க்கிழமை கால்நடை மருத்துவர் வந்து எண்பத்திரண்டு மாடுகளுக்கும் கழுத்தில் இரண்டு இடத்தில் ரோமத்தைச் சிரைத்து ஊசி போட்டுவிட்டுப் போனார். காசநோய்ச் சோதனை. மூன்று நாள் கழித்து வந்து வீக்கத்தை இடுக்கியால் அளப்பார்கள். ஆனால் வியாழக்கிழமை சாயங்காலக் கறவையிலேயே கிளைவுக்குத் தெரிந்துபோயிற்று. கறந்துகொண்டே ஒவ்வொரு கழுத்தாகக் கையை ஓட்டிப் பார்த்தார். சிலதுக்கு ஒன்றும் இல்லை. சிலதுக்குக் கொட்டைப்பாக்கு அளவு தட்டுப்பட்டது. பெத் வளர்த்த மாடு பார்ஸ்லியின் கழுத்துக்கு வந்தபோது கையை வைக்காமலே சற்று நேரம் நின்றார். பிறகு வைத்துப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை இடுக்கி சொன்ன கணக்கில் நோய் கண்டது முப்பத்து நான்கு. முப்பத்து நான்கையும் மேல் கொட்டகைக்குத் தனியாக ஓட்டிவிட்டார்கள். வருகிற வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அவற்றைக் கொல்லக் கொண்டுபோக லாரி வரும். அதுவரை அவற்றையும் கறந்தாக வேண்டும். கறக்காவிட்டால் மடி கட்டிக்கொண்டு அலறும். கறந்த பாலைத் தொட்டியில் சேர்க்கக் கூடாது, சாணிக்குழியில்தான் ஊற்ற வேண்டும். இன்றைக்கும் ஊற்றிவிட்டுத்தான் வந்திருந்தார். கறுத்த குழம்பில் வெள்ளை விழுந்து, கொஞ்ச நேரம் கலக்காமல் தனியாகச் சுழன்றது.

லுத்ஃபரின் சாப்பாட்டுக் கடை சந்தைத் தெருவில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படியேறும்போதே வெங்காயம் வதங்கும் வாசனை ஆளைப் பிடித்து இழுக்கும். வங்கதேசத்துச் சில்ஹெட்டிலிருந்து வந்து முப்பது வருஷமாக லுத்ஃபர் அங்கே கடை நடத்துகிறார். அந்தப் பக்கத்தில் ஆணோ பெண்ணோ யாரும் யாரையும் பிரியமாக 'வாத்து' என்றுதான் கூப்பிடுவார்கள். லுத்ஃபருக்கும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. மாரீனை மட்டும் தன் ஊர் வழக்கப்படி அண்ணி என்ற பொருளில் 'பாபி' என்பார்.

"வாங்க வாத்து, வாங்க பாபி. பொண்ணு முன்னாடியே வந்து உக்காந்திருக்கா. ஜன்னலோரம் போட்டிருக்கேன்."

பெத் ஷெஃபீல்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அங்கே மழலைப் பள்ளியில் ஆசிரியை. எழுந்து வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள், பிறகு அப்பாவை. அவள் மூக்கு தன் கோட்டுக் காலரில் ஒரு கணம் தங்கியதாகக் கிளைவுக்குத் தோன்றியது. கையைத்தான் கழுவினோம், கோட்டை மாற்றவில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

"இளைச்சிட்டப்பா."

"குளிர்காலத்துல எல்லாம் இளைக்கும்."

"நீ இளைச்சு நான் பாத்ததில்ல."

லுத்ஃபர் அப்பளத் தட்டையும் மூன்று கிண்ணத்துச் சட்னியையும் கொண்டுவந்து வைத்தார். வழக்கமாக நடுவில் இருக்கும் புதினாத் தயிர் இன்றைக்கு இல்லை.

"பால் இல்ல, தயிர் இல்ல, கிரீம் இல்ல. நானே அடுப்படியில நின்னு சொல்லிட்டேன்மா" என்றார் பெத்திடம். "'நான்' ரொட்டி மாவுல தயிர் சேரும், அதனால அதுவும் கெடையாது. சப்பாத்தி. வெண்டைக்காய், உருளையும் கீரையும், கொண்டைக்கடலை, கத்திரிக்காய். எல்லாமே பெரிய கிண்ணத்துல, மூணு பேருக்கும் ஒண்ணா. பாபி அப்படித்தான் சொன்னாங்க."

"மூணு பேருக்கும் ஒண்ணாவா?" பெத் அம்மாவைப் பார்த்தாள்.

"ஒருநாள் தின்னா செத்தா போயிடுவோம்" என்றாள் மாரீன்.

"உங்கப்பா இங்க வந்து ஆட்டுக்கறி தவிர வேற எதையும் கேட்டு நான் பாத்ததில்ல" என்று லுத்ஃபர் சிரித்தார். "பச்சக் காய தட்டுல போட்டா மாட்டுக்குன்னு நெனச்சு பொட்டலம் கட்டி எடுத்துட்டுப் போயிடுவாரு, பாத்துக்கம்மா."

எல்லாரும் சிரித்தார்கள். கிளைவும் சிரித்தார். மாடு என்ற சொல்லைக் கேட்டதும் கையிலிருந்த அப்பளத்தை இரண்டாக ஒடித்தார்.

கிண்ணங்கள் ஒவ்வொன்றாக வந்தன. வெண்டைக்காயை வெங்காயத்தோடு மொறுமொறுப்பாக வறுத்திருந்தார்கள். கத்திரிக்காய் சுட்ட வாசனையோடு குழைந்திருந்தது. கிளைவ் சப்பாத்தியைக் கிழித்துத் தொட்டுத் தின்றார். ருசியாகத்தான் இருந்தது. ஆனால் இன்னொரு துண்டு கிழிக்கவில்லை.

பெத் பேசிக்கொண்டே சாப்பிட்டாள். அவள் வகுப்பில் ஒரு நாலு வயசுப் பையன் இருக்கிறானாம். தினமும் சட்டைப்பையில் ஒரு நத்தையை வைத்துக்கொண்டு வந்துவிடுகிறானாம்.

"ஏன்டா கொண்டு வர்றன்னு கேட்டா, 'வீட்ல விட்டா அது அழும் மிஸ்'ன்றான்."

"நீயும் அப்படித்தான் இருந்த. கோழிக்குஞ்சக் கொண்டுபோய்க் குளிக்கிற தொட்டியில விட்டவ நீ" என்றாள் மாரீன்.

"கோழிக்குஞ்சோட போச்சா?" என்றார் கிளைவ். "பார்ஸ்லியச் சமையக்கட்டுக்கே கூட்டிட்டு வந்தா."

சொன்ன பிறகுதான் யார் பெயரைச் சொன்னோம் என்று உறைத்தது. மாரீன் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள்.

பெத்துக்குப் பதினாலு வயசு இருக்கும்போது பிறந்த கன்று அது. தாய் ஈன்றதோடு செத்துப்போனது. பெத்தான் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தாள். ஒருநாள் பின்வாசல் திறந்து கிடக்க, கன்று சமையலறைக்குள் புகுந்து தொட்டியில் இருந்த பார்ஸ்லிக் கீரையை வேரோடு மேய்ந்துவிட்டது. அன்றிலிருந்து அதுதான் பெயர்.

"எப்படி இருக்கா அவ?" என்று பெத் கேட்டாள். சப்பாத்தியைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டாள்.

"இருக்கா" என்றார் கிளைவ்.

"பன்னெண்டு வயசு ஆயிடுச்சு இல்ல? இன்னும் அவதான் முன்னாடி நடக்குறாளா?"

"அவ நடந்தாத்தான் மத்ததெல்லாம் நடக்கும்."

"கிறிஸ்மஸுக்கு வந்தப்ப வாசல்ல நின்னு அம்மாகூடப் பேசிட்டிருந்தேன். அவ்வளவு பெரிய வயலத் தாண்டிச் சுவத்துகிட்ட வந்து நின்னுட்டா." பெத் தண்ணீர் குடித்தாள். "நான் உள்ள போயிட்டேன்."

அது கிளைவுக்கும் தெரியும். அவள் உள்ளே போன பிறகு அந்த மாடு இருட்டும்வரை சுவரோரமே நின்றிருந்ததைச் சொல்லவில்லை.

"இந்தப் பேச்ச விடுங்க, கத்திரிக்காய் ஆறுது" என்றாள் மாரீன்.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் பெத். "ஏழு வருஷமா நான் வீட்டுக்கு வந்தா எனக்குன்னு ஒரு தனிச் சட்டி. அந்த நீலக் கைப்பிடி போட்டது. நீங்க ஒண்ண சாப்பிடுவீங்க, நான் ஒண்ண சாப்பிடுவேன். தப்பு சொல்லல, நான் இழுத்துக்கிட்டதுதான். ஆனா இன்னிக்கு மூணு பேரும் ஒரே கிண்ணத்துல கைய விடுறோம் பாருங்க. இத நான் பஸ்ஸுல வரும்போது நெனச்சே பாக்கல. வேற பரிசெல்லாம் வேணாம்."

மாரீன் மூக்கைச் சிந்தினாள். ஜலதோஷம் அதற்கு வசதியாக இருந்தது.

அப்போதுதான் பருப்பு வந்தது. யாரும் கேட்டதில்லை. "உள்ளேருந்து என் மச்சான் அனுப்பினது. பொறந்தநாள் பொண்ணுக்குன்னு தன் கையால தாளிச்சிருக்கான்" என்று லுத்ஃபர் சின்னப் பித்தளை வாளியில் கொண்டுவந்து நடுவில் வைத்தார். மஞ்சள் பருப்பின் மேல் பூண்டும் சீரகமும் சிவந்து மிதந்தன. பெத் ஒரு கரண்டி சோற்றில் ஊற்றிக்கொண்டாள். கண்ணை மூடித் தின்றாள்.

"அம்மாடி. இது என்ன இப்படி இருக்கு."

கிளைவ் தன் தட்டிலும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு வாயில் வைத்தார்.

நாற்பத்தைந்து வருஷம் பாலோடு கிடந்த மனுஷர். எந்த மாடு எந்தப் புல்லை மேய்ந்தது என்பதைப் பாலின் வாசனையிலேயே சொல்வார். வெண்ணெயை நிதானமாக உருக்கினால் அடியில் கசடு பொன்னிறமாகச் சிவக்குமே, அந்த மணம் பூண்டுக்கும் சீரகத்துக்கும் அடியில் படுத்துக் கிடந்தது. சந்தேகமே இல்லை. ஒரு கரண்டி நெய், ஒருவேளை இரண்டு.

மாரீனைப் பார்த்தார். மூக்கடைப்பில் அவளுக்கு எந்த வாசனையும் எட்டவில்லை. பெத் இரண்டாவது கரண்டி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னவோ நம்ம வீட்டுச் சமையக்கட்டு மாதிரி இருக்கும்மா இது. ஏன்னு தெரியல. சின்ன வயசுல காய்ச்சலா கெடந்தா நீ ஒரு கஞ்சி குடுப்ப இல்ல, அந்த மாதிரி."

சொல்லவா என்று கிளைவ் நினைத்தார். சொன்னால் இந்த முகம் போய்விடும். ஒரே கிண்ணம் என்று இப்போதுதானே சொன்னாள். சொல்லாவிட்டாலோ, அவள் ஏழு வருஷமாகக் காப்பாற்றிக்கொண்டு வந்ததை அப்பனே கூட இருந்து கெடுத்ததாக ஆகும். வாயைத் திறந்தார். தண்ணீரை எடுத்துக் குடித்தார். மூன்றாவது கரண்டியும் போயிற்று.

சட்டென்று விளக்குகள் அணைந்தன. கூரை ஒலிபெருக்கியிலிருந்து தடதடவென்று பாட்டு கிளம்பியது. அந்தக் கடையில் பிறந்தநாள் என்றால் அப்படித்தான். லுத்ஃபரும் பரிமாறுகிற இருவரும் கைதட்டிக்கொண்டே வந்தார்கள். ஐஸ்கிரீமுக்குப் பதில் பாதி ஆரஞ்சுப் பழத்தில் மெழுகுவத்தி குத்தியிருந்தது. பக்கத்து மேசைக்காரர்களும் சேர்ந்து பாடினார்கள். அந்தச் சின்ன வெளிச்சத்தில் பெத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிளைவ் தாளம் தப்பிக் கைதட்டினார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வைக்கோலில் உட்கார்ந்து கன்றுக்குப் புட்டியைச் சரித்துப் பிடித்திருந்த அதே முகம்.

ஊதினாள். விளக்கு வந்தது. "மிச்சம் வெக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே பித்தளை வாளியைத் தன் பக்கம் இழுத்தாள்.

கிளைவ் தன் கையை வாளியின் மேல் வைத்து மூடினார். சூடு உள்ளங்கையில் ஏறியது.

"வேணாம் கண்ணு."

"ஏம்பா? உனக்கு வேணுமா?"

"அதுல வெண்ணெ இருக்கு. காய்ச்சின வெண்ணெ."

பெத் கரண்டியைக் கீழே வைத்தாள். மாரீன் வாளியை மூக்கருகே கொண்டுபோய், ஒன்றும் தெரியாமல் திரும்ப வைத்தாள். லுத்ஃபர் சிரித்தார், பிறகு கிளைவின் முகத்தைப் பார்த்தார், பிறகு விறுவிறுவென்று உள்ளே போனார். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் சில்ஹெட்டிப் பேச்சு உயர்ந்து தணிந்தது. மச்சான் மொசப்பிர் வெளியே வந்தார். நரைத்த தாடி, மஞ்சள் கறைபட்ட மேலங்கி. கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பால் கூடாதுன்னாங்க, போடல. தயிர் கூடாதுன்னாங்க, தொடல. நெய் பால் இல்லியேம்மா. பாலயெல்லாம் காய்ச்சிக் காய்ச்சி எடுத்துட்டா அப்புறம் மிஞ்சுறதுதான நெய்? எண்ணெயிலதான் தாளிக்கப் போனேன். பொறந்தநாள் சாப்பாடுன்னு ஞாபகம் வந்துச்சு. எங்க பக்கத்துல விசேஷத்துக்கு வெறும் எண்ணெயில தாளிச்சுக் குடுக்க மாட்டாங்கம்மா. கை வரல."

"நான் கழுதயாக் கத்திச் சொன்னேன் இவன்கிட்ட" என்றார் லுத்ஃபர்.

"நெய்யின்னு சொல்லலியே நீ."

"உன்கிட்ட உப்பப் பத்திச் சொல்லலன்னா உப்பையும் போட மாட்டியா?"

"பரவால்ல" என்றாள் பெத். எழுந்து மொசப்பிரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணும்னு செய்யலியே. நல்லா இருந்துச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சு. அதுதான் கஷ்டமா இருக்கு."

அவர்கள் இருவரும் உள்ளே போனார்கள். ஆரஞ்சுப் பழத்தில் மெழுகு உருகி ஒழுகி உறைந்திருந்தது.

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?" என்று பெத் கேட்டாள்.

"மொத வாயிலயே."

"அப்புறம் ரெண்டு கரண்டி தின்னேன் நான்."

"ஆமா."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"உன் முகத்தப் பாத்தேன். சொல்ல முடியல."

"அப்ப எதுக்கு இப்ப சொன்ன? சொல்லாமலே இருந்திருக்கலாமே. எனக்குத் தெரிஞ்சிருக்கப் போறதில்ல."

கிளைவ் மேசை விரிப்பில் கிடந்த அப்பளத் துணுக்குகளை ஒரு விரலால் ஒதுக்கிக் கூட்டினார்.

"ஒரே நாள்ல ரெண்டு விஷயத்த மறைக்க என்னால ஆகல."

"கிளைவ்" என்றாள் மாரீன்.

"ரெண்டாவது என்ன?" பெத் அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "யாருக்கு உடம்பு சரியில்ல? உனக்காப்பா? அதான் இளைச்சிட்டியா?"

"எனக்கில்ல. மாட்டுக்கு. சோதன வந்துச்சு. முப்பத்து நாலு தேறல."

பண்ணையில் பிறந்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அவள் உதடு மட்டும் அசைந்தது. கணக்குப் போடுகிறாள் என்று நினைத்தார். இல்லை, பெயர்களைச் சொல்லிப் பார்க்கிறாள்.

"பார்ஸ்லி?"

கிளைவ் ஆமென்று தலையை ஆட்டினார்.

அவள் கைத்துணியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். மாரீன் எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்வாள் என்று கிளைவ் எதிர்பார்த்திருந்தார். அதற்கு இரண்டு நாளாகப் பதில்கூடத் தயார் செய்து வைத்திருந்தார். அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"எப்ப வர்றாங்க?" துணிக்குள்ளிருந்தே கேட்டாள்.

"வியாழக்கிழம. காலையில ஏழு மணி."

"யாரு ஏத்துவாங்க?"

"நானும், லாரிக்காரங்க ரெண்டு பேரும்."

"தடி வெச்சிருப்பாங்களே."

"வெச்சிருப்பாங்க."

நாலு வருஷத்துக்கு முந்தி ஒரு சோதனையில் ஐந்து மாடு போயிற்று. பெத்துக்கு அது தெரியாது. மழை நாள். பலகைச் சரிவில் ஏற மறுத்த மாடுகளைப் பின்னாலிருந்து அடித்து ஏற்றினார்கள். ஒரு கிடேரி வழுக்கி விழுந்து முன்னங்கால் முறிந்தது. அது எழுந்திருக்கப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்து விழுந்ததைக் கிளைவ் வேலிக் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தார். ஐந்துக்கே அப்படி. இப்போது முப்பத்து நான்கு.

"நேத்து மத்தியானம் நம்ம டிரெய்லரக் கொண்டுபோய் நிறுத்திப் பாத்தேன்" என்றார். "பலகையில வைக்கோல் போட்டு, தீவன வாளிய ஆட்டிக் கூப்பிட்டேன். பார்ஸ்லி வருவாளான்னு. கிட்ட வந்தா. பலகையில மூக்க வெச்சு மோந்து பாத்தா. அப்புறம் நின்னுட்டா. முக்கா மணி நேரம். அவ நின்னா எல்லாமே பின்னால நிக்குது. என்னையே பாத்துட்டு நிக்குதுங்க எல்லாம்."

"உன் பேச்ச எப்ப அவ கேட்டிருக்கா" என்றாள் பெத். சிரிப்பும் அழுகையுமாக வந்தது.

"எப்பவும் கேட்டதில்ல."

பெத்தின் பேச்சைத்தான் அது கேட்கும். மேட்டு வயலின் மூலையில் நின்று பெத் 'கூ...அப், கூ...அப்' என்று இரண்டு தடவை இழுத்துக் கூப்பிட்டால், பள்ளத்தில் எங்கே நின்றாலும் பார்ஸ்லி தலையைத் தூக்கும். பிறகு அவசரமே இல்லாமல் நடந்து வரும். அதன் பின்னால் ஒவ்வொன்றாக மற்றவை வரும், ஒரு தடி வேண்டாம், ஒரு நாய் வேண்டாம். அது மூன்று பேருக்கும் தெரியும். அதனால்தான் மூன்று பேரும் இப்போது ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மாரீன் மகளின் முதுகில் வைத்த கையை எடுக்காமல், ஜன்னலுக்கு வெளியே ஈரத் தெருவைப் பார்த்தாள்.

லுத்ஃபர் சத்தமில்லாமல் வந்து ஆவி பறக்கும் வெந்நீர்த் துண்டுகளை ஒரு தட்டில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார். கிளைவ் ஒன்றை எடுத்துக் கையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த விரல்களையே திரும்பத் திரும்பத் துடைத்தார். எலுமிச்சை மணத்துக்கு அடியில் பால் வாடை அப்படியே இருந்தது.

பெத் முகத்திலிருந்து துணியை எடுத்தாள். கண் சிவந்திருந்தது. அப்பாவை நேராகப் பார்த்தாள். தப்பிக்க இடம் கொடுக்காத பார்வை. அதே சமயம் கேட்டுவிடாதே என்று கெஞ்சுகிற பார்வையும்கூட.

"நான் ஒத்துக்கிட்டேன் இல்ல, கூப்பிட மாட்டேன்னு" என்றார் கிளைவ். "ஏழு வருஷம் கூப்பிடல."

"ஆமாம்பா."

"உன் மேலங்கி அங்கயே தொங்குது."

"தெரியும். அம்மா சொல்லியிருக்கா."

துண்டை நான்காக மடித்துத் தட்டில் வைத்தார். அது நேராக இருக்கிறதா என்று பார்த்தார்.

"வியாழக்கிழம காலையில தொழுவத்துக்கு வா பெத். வந்து, பலகமேல நின்னு, அவள நீ கூப்பிடு."